கட்டை மாமாவும் மலைக்குப் போன படகும்

பிரேக் என்று ஒரு சாமான் இருப்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் கச்சிராயபாளையம் கட்டை மாமா. ரயிலுக்கு பிரேக் இருக்கிறது, ஆகாய விமானத்துக்குக்கூட பிரேக் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "வெச்சிருப்பான், வெச்சிருப்பான். புடிக்கணுமே?" என்பார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் என்பதால் கட்டை மாமா. தேருக்கு ஸ்டியரிங் ஏது, பிரேக் ஏது? ஓடுகிற சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகித்தான் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அந்தக் கை சும்மா இருக்குமா?

இருக்காது. ஒரு கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி புளியங்கட்டை ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார். எந்த வண்டி நின்றாலும் போய் ஒரு கட்டை. டவுன் பஸ் டிரைவர் டீ குடிக்க இறங்கினால் சக்கரத்துக்குக் கட்டை. டிரைவர் திரும்பி வந்து கியரைப் போட்டு மிதிப்பார். பஸ் உறுமும், நகராது.

"யோவ் மாமா! எடுய்யா கட்டைய!"

"நீ டீ குடிச்சிக்கினு இருந்தப்போ யாருய்யா வண்டிய புடிச்சிக்கினு இருந்தது? அத்த மொதல்ல சொல்லு."

ஒரு தடவை குடலிறக்க ஆபரேஷனுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்தார்கள். சக்கரம் வைத்த கட்டிலில் படுக்கச் சொன்னால் படுக்க மாட்டேன் என்றார். "மயக்க ஊசி போட்ருவீங்க. நான் தூங்கிருவேன். அப்பால இந்தக் கட்டிலு எங்க போவும்னு யாருக்குத் தெரியும்?" கடைசியில் நர்சம்மா இரண்டு செங்கல் கொண்டுவரச் சொல்லிச் சக்கரத்துக்கு வைத்தார். அப்புறம்தான் மாமா கண்ணை மூடினார்.

என் தங்கை ஜெயந்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்காரம் செய்த கார் வந்தது. மேளம் முன்னால் கிளம்பிவிட்டது. டிரைவர் காரை எடுத்தார். பின் சக்கரத்தில் மாமாவின் கட்டை இருப்பது அவருக்குத் தெரியாது. கார் ஒரு குதி குதித்து நின்றது. மாப்பிள்ளை தலையிலிருந்த தலைப்பாகை டிரைவர் மடியில் போய் உட்கார்ந்தது. சம்பந்தி வீட்டார் சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தார்கள். "வண்டி உருண்டு போயி மோளக்காரன் மேல ஏறியிருந்தா நல்ல சகுனமா?" என்று மாமா ஒரே போடாய்ப் போட்டார்.

அந்த மாப்பிள்ளைக்குத்தான் பிற்பாடு படகு ஆசை வந்தது.

முதலில் முயல் வளர்த்தார். முயல் ஓடிவிட்டது. காளான் போட்டார். மழை வந்து கொண்டுபோய்விட்டது. மனிதர் தங்கமானவர். ஆனால் எதைச் சொன்னாலும் அடுத்த வாரம் நடக்கப்போகிற மாதிரி சொல்லுவார். கல்வராயன் மலைமேல் இருக்கிற ஏரியில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விடுகிற உரிமம் எடுத்திருப்பதாகவும், கடலூரிலிருந்து பெரிய படகு ஒன்று வந்துகொண்டே இருப்பதாகவும் தைப்பொங்கலில் ஆரம்பித்தார். சித்திரை போய், வைகாசி போய், ஆடியும் பிறந்துவிட்டது. படகு இன்னும் வந்துகொண்டே இருந்தது.

ஆடிச் சீருக்குத் தாய்வீட்டுக்கு வந்த தங்கை, என் பூஜை சாமான் கடையில் உட்கார்ந்து சொன்னாள்: "ண்ணா, அந்த மனுசன் வாயில இருந்து ஒரு நெஜம் வந்து நான் பாக்கல. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு அந்தப் படகு தண்ணியில நிக்கணும். நின்னா நான் அந்த வூட்டுக்குப் போறேன். இல்லன்னா இங்கியே ஒனக்குக் கற்பூரப் பொட்லம் மடிச்சிக்கினு கெடக்கறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் மனைவி சிரித்த முகத்தோடுதான் சோறு போட்டாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி. நான் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, படகு தண்ணீரில் இறங்கினால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் படகு வந்தேவிட்டது.

படகென்றால் துடுப்புப் போடுகிற படகு என்று நினைத்திருந்தேன். இது வீடு! மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ரூம், உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஒரு மூலையில் கக்கூஸ்கூட இருந்தது. ஊரில் அப்போது பாதி வீட்டில் அது கிடையாது. அடியில் நாலு சக்கர டிரெய்லர். இதை ஏரியில் இறக்கினால் ஏரிக்கு இடம் இருக்குமா என்று எனக்கே சந்தேகம்.

ஊர் கூடிவிட்டது. "இன்னா சாமிக்குங்க இந்த வாகனம்?" என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர், "கோமுகி டேம் ஒடையப் போவுதாம்யா, அதான் கவருமெண்டுல போட்டு அனுப்பறான்" என்று கிளப்பிவிட்டார். அந்தச் சேதி வடக்கனந்தல் வரைக்கும் போய், அங்கே யாரோ நெல் மூட்டையை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

இழுத்துப்போகக் கரும்பு லோடு அடிக்கிற ஏழுமலையின் டிராக்டரைப் பேசியிருந்தோம். அவன் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மலை ரோடுங்க. கட்டை மாமா பின்னால வந்தாத்தான் நான் வண்டிய எடுப்பேன்" என்று சொல்லிவிட்டான். ஊரிலேயே முதல் முறையாக ஒரு டிரைவர் மாமாவை வேண்டுமென்று கேட்டது அன்றைக்குத்தான். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் சூடம் காட்டினேன். டிராக்டர் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். படகுக்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி ஒன்று இருந்தது. அதுவும் சுற்றுகிற சாமான்தானே என்று அதற்கும் ஒரு பழம் செருகினேன். கிளம்பினோம்.

மலை ஏற ஆரம்பித்ததும் மாமா இறங்கிவிட்டார். டிரெய்லருக்குப் பின்னாலேயே கட்டையோடு நடை. டிராக்டர் மூச்சு வாங்க நின்றால் கட்டை. ஏழுமலை பீடி பற்ற வைக்க வேகத்தைக் குறைத்தால்கூடக் கட்டை.

"மாமா! ஓடறப்போ வெக்காதய்யா!"

"நீ ஓட்றியா நிக்கிறியான்னு எனக்கு இன்னாடா தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதான கீது!"

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. தூறல் வேறு. ஒரு வளைவில் டிராக்டர் திரும்பிவிட்டது. ஆனால் படகு உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு, மலையை ஒட்டிய மழைத்தண்ணீர்ப் பள்ளத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. மாமா பார்த்தார். தேர் வீதி முனையில் திரும்பும்போது உள்சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்த்து வைத்தால் தேர் தானே வெளிப்பக்கம் விலகும். அந்த வித்தையை இதற்கும் போட்டார்.

தேர்ச் சக்கரம் மரம். இது ரப்பர். கட்டைமேல் ஏறிய டயர் ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. படகு சாய்ந்து, கூரையை மலைச்சரிவில் வைத்துக்கொண்டு அசதியாகப் படுத்துவிட்டது. டிராக்டர் எவ்வளவு உறுமியும் அசையவில்லை. ரோடு அடைபட்டது.

"மாமா! இன்னா மாமா பண்ணிட்டீங்க!" என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா குனிந்து கட்டையை எடுத்தார். கட்டையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்கிற முகம்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து வெள்ளிமலை பஸ் ஏறி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. பண்டிகைக் கூட்டம் மொத்தமும் இறங்கியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "இன்னாய்யா இது, வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்துதா?"

"வெள்ளம் மேல்பக்கமா ஓடுமாய்யா?" என்று கூட்டத்தில் ஒருத்தர்.

எல்லாருக்கும் பின்னால், கையில் தூக்குச்சட்டியோடு இறங்கினாள் என் தங்கை.

நான் எழுந்து அவளிடம் ஓடினேன். "நீ எங்கம்மா இங்க?"

"நெஜமா பொய்யான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அவள் கண் படகின்மேல் போனது. அப்புறம் கீழே போனது. மாப்பிள்ளை பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று, டயருக்கடியில் கையாலேயே கல் தோண்டிக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்து, முகமெல்லாம் சேறு. அவளைப் பார்த்ததும் கையில் கல்லோடு நிமிர்ந்தார். "வந்துருச்சு ஜெயந்தி, ஆனா..." என்றார்.

"தெரியுது. கல்லு அந்தப் பக்கமும் இருக்குது, பாருங்க" என்றாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "தேரு இழுக்கற ஊரு ஆளுங்கதான எல்லாரும்? நின்னு வேடிக்கை பாக்கறீங்களே!"

அந்தச் சொல் போதும். பஸ் கூரையிலிருந்து கயிறு வந்தது. டிரெய்லரின் பக்கவாட்டில் கட்டினார்கள். யாரோ "அரோகரா!" என்று குரல் கொடுக்க, கண்டக்டர் உள்பட அத்தனை பேரும் பிடித்தார்கள். மாமாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நடுரோட்டில் நின்று கையை வீசினார். "வெளிப்பக்கம் இழு! அங்க, செவப்பு சொக்கா, நீ கயித்துல தொங்கறியா இழுக்கறியா? ஏழுமலை, மெதுவா எடு!"

டிராக்டர் முன்னால் இழுக்க, ஜனங்கள் பக்கத்தில் இழுக்க, மாப்பிள்ளை பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, டயர் பள்ளத்தை விட்டு வெளியே வந்தது. "வந்துருச்சு!" என்று எல்லாரும் கத்தினார்கள். கத்திய சந்தோஷத்தில் கயிற்றை விட்டுவிட்டார்கள். அதே நொடியில் டிராக்டர் என்ஜின் அணைந்தது.

படகு பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் பஸ்.

"பிரேக்! பிரேக்!" என்று ஏழுமலை அலறினான். மிதித்துக்கொண்டுதான் இருந்தான், பாவம். ஈர ரோட்டில் டிராக்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது படகு. என் தலைமுடியையும், மாப்பிள்ளை தலைமுடியையும், கேட்காமலே ஏழுமலை தலைமுடியையும் சேர்த்து முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அதற்குள் மாமா குனிந்துவிட்டார். ஓடிவந்து சக்கரத்துக்கடியில் கட்டையைச் செருகி, அதன் தலையில் காலால் ஒரு உதை. 'நறுக்'கென்று சத்தம். நின்றது.

மாப்பிள்ளையின் முதுகு பஸ்ஸில் முட்டியிருந்தது. நெஞ்சுக்கும் படகின் விசிறிக்கும் நடுவில் நான் செருகிய எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான் இடைவெளி.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "பிரேக்காம் பிரேக்கு" என்றார். கட்டைமேல் வைத்த காலை மட்டும் எடுக்கவில்லை. கண்டக்டர் போய்த் தன் பஸ்ஸுக்கும் ஒரு கல் வைத்துவிட்டு வந்தார். என் தங்கை புருஷன் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். அவர் சிரித்தார்.

அப்புறம் ஒன்றும் சிரமம் இல்லை. என்ஜின் கிளம்பியது. பஸ் ஜனங்கள் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிக் கயிறு பிடித்தார்கள். நல்ல வெயில் வந்தபோது ஏரிக்கரையில் இருந்தோம். டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கியதும் படகு மெல்ல எழும்பி மிதந்தது. எல்லாருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது. தங்கை தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கொடுத்தாள். காவேரிக்குச் செய்கிற பூஜையை அந்த ஏரிக்கே செய்தோம். அம்மன் எல்லாத் தண்ணீரிலும்தானே இருக்கிறாள்.

முதல் சுற்றுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் மட்டும் ஏறினார்கள். மாமா பதறிப்போனார். "டேய், சக்கரமே இல்லியேடா இதுக்கு! நான் இன்னாத்துக்குக் கட்டை வெப்பேன்?" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கட்டையைக் கரையில் வைத்துவிட்டு, புது வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். நீச்சல் தெரியாத மனிதர். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. படகு அந்தக் கரை போய்த் திரும்பி வருகிற வரைக்கும் அதன்மேலேயே கண். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமியை என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒருத்தர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது.