பதினொரு மணி வண்டி

டிரைவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெள்ளைச் சீருடையின் முதுகில் தெருப்புழுதி, நெஞ்சில் சொட்டுச் சொட்டாய் ஆயில். வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழே மட்டும்தான்.

"இப்பத் திருப்புங்க சார்," என்றார் ரகசியம் போல.

ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்த மைத்துனர் சாவியைத் திருப்பினார். வண்டி 'கிர்ர்ர்' என்று பல்லைக் கடித்தது. அதோடு சரி.

வண்டி, அமரர் ஊர்தி. பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள், மைத்துனரின் அக்கா புருஷன். மின்மயானத்தில் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான். இப்போது மணி பத்து இருபது.

முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். "இந்த மாசம் ரெண்டு புகார் வந்தாச்சு. மூணாவது வந்தா சாவியை மேசையில வச்சிட்டு நடையைக் கட்டு."

பதினேழு வருடமாக இந்தச் சாவிதான் டிரைவருக்குச் சோறு போடுகிறது. அந்த வருடங்களில் அவர் சில விதிகளை வைத்திருந்தார். துக்க வீட்டு வாசலில் இன்ஜின் உறுமக் கூடாது, அணைத்துவிட வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது. போனவர் யார், என்ன வேலை பார்த்தார் என்று கேட்கவே கூடாது. கேட்டால் வண்டி ஓட்ட மனசு வராது.

முதல் விதிதான் இன்று அவர் காலை வாரிவிட்டது: வாசலில் அணைத்த வண்டி மறுபடி கிளம்பவில்லை.

டிரைவர் ஊர்ந்து வெளியே வந்தார்.

"ஸ்டார்ட்டர் ஆடுது சார். நான் லீவுல இருந்தப்போ முதலாளி எங்கேயோ குடுத்துப் புதுசு மாட்டிட்டு வந்தாரு. ரெண்டு போல்ட் இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணை அந்த மெக்கானிக் முழுங்கிட்டானா?"

"விடுங்க டிரைவர். இன்னிக்கு யாரையும் திட்ட வேணாம்."

"திட்டல சார். அந்த மகராசனை ஒரே ஒரு தடவை நேர்ல பாக்கணும். அவ்வளவுதான் ஆசை."

வாசலில் நின்றிருந்த அந்த அம்மா, இறந்தவரின் மனைவி, காலையிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எவ்வளவு பெரிய போல்ட்டு?"

டிரைவர் சுண்டுவிரலைக் காட்டினார். அந்த அம்மா அந்த விரலையே ஒரு கணம் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். துக்க வீட்டில் விரலைக் காட்டிப் பேசியிருக்கக் கூடாதோ என்று டிரைவர் நொந்துகொண்டார். மூன்றாவது புகார் உள்ளே தயாராகிறது!

"கம்பி வச்சுக் கட்டிப் பாப்போமா?" என்றார் மைத்துனர்.

கம்பி இருந்த ஒரே இடம், மலர்வளையம். மைத்துனர் உருவினார். மலர்வளையம் மலர்களாகக் கொட்டியது. டிரைவர் மறுபடி அடியில் புகுந்து ஸ்டார்ட்டரை இறுக்கிக் கட்டினார். கம்பியின் நுனி எதன் மேலோ உரசியது.

பாஆஆஆம்!

பதினேழு வருடம் அடிக்காத ஹாரன், சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் அடித்துத் தீர்த்தது. பக்கத்து மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. உள்ளறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். டிரைவர் கம்பியைப் பிய்த்து எறிந்த பிறகுதான் தெரு மூச்சுவிட்டது.

"தள்ளிடலாம், எறக்கம்தானே," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

டிரைவர் ஸ்டியரிங்குக்கு வந்தார். எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். வண்டி கம்பீரமாக நகர்ந்தது, நான்கு முறை இருமியது, தெருக்கோடி மதிலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. முட்டுச்சந்து. இனிப் பின்னால் மேடு, முன்னால் சுவர்.

மணி பத்து நாற்பது.

தள்ளியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்தார்கள். டிரைவர் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேசையில் வைக்க இப்போதே பழகிக்கொள்வது போல இருந்தது.

அப்போது அந்த அம்மா தெருவில் இறங்கி வந்தார். ஓட்டமும் நடையுமாக. கை மூடியிருந்தது. நேராக டிரைவரிடம் வந்து விரல்களைப் பிரித்தார்.

ஒரு போல்ட்.

டிரைவர் அதை வாங்கிக்கொண்டார். அடியில் புகுந்தார். துளையில் வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஸ்பானரால் இறுக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேரும் கைதட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து கைகட்டிக்கொண்டார்கள்.

"காப்பாத்தினீங்கம்மா," என்றார் டிரைவர். "எங்கேம்மா கிடைச்சுது இது?"

அந்த அம்மா வண்டியின் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"போன வாரம் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில இருந்துச்சுப்பா. எந்த வண்டிக்கு மாட்ட மறந்தோம்னு கடைசி நாள் வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்தாரு."