பேஸ்புக்கில் ஒரு வீரத்தாய்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் இருபத்தாறு வயதில் எனக்குக் கிடையாது. பேஸ்புக் வேறு அப்போதுதான் ஹட்டன் நெட்கஃபேக்கு வந்திருந்தது. கேட்கவா வேண்டும்?

பொகவந்தலாவை டியூஷன் வகுப்பொன்றில் சரித்திரம் படிப்பித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, மலையக வரலாற்றுக்கு உயிர் கொடுப்போம் என்று பழைய படங்களைத் தேடி பேஸ்புக்கில் ஏற்றத் தொடங்கினேன். (உயிர் போகப்போவது எனக்கு என்று யார் கண்டார்கள்?)

ஒருநாள் பாதி கிழிந்த படமொன்று கிடைத்தது. சேலை, நகை, உயர்த்திய கை, உருட்டி விழிக்கும் கண். படத்தின் பின்புறம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. யாரையும் விசாரிக்கவில்லை. 'வெள்ளைக்காரத் துரையைத் தடுத்து நிறுத்திய வீரத்தாய்' என்று எழுதி ஏற்றிவிட்டேன். கனடாவிலிருந்தெல்லாம் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தோட்டத்தில்தான் செல்வி இருந்தாள். இரண்டு வருடக் காதல். அப்பா சம்மதிக்காவிட்டால் வரவே மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு என் அம்மாவோடு பெண் கேட்டு அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனேன்.

தேத்தண்ணி வந்தது. செல்வியின் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என்னுடைய வீரத்தாய்! கொழும்பில் வேலைசெய்யும் மகன் அன்று காலைதான் அச்சடித்துக் கொண்டுவந்தானாம்.

"இவங்க யாருங்க தம்பி?" என்றார்.

மாமனாரை மடக்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன், மடையன். பத்து நிமிடம் முழங்கினேன். அந்தத் தாயை ஜெயிலுக்கும் அனுப்பினேன். உள்ளே செல்வி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளாக்கும் என்று இன்னும் உருகிப் பேசினேன்.

"அது நான்தாங்க" என்றார் அவர், நிதானமாக. "காமன் கூத்துல ரதி வேசம். சிவன் தவத்தக் கலைக்கப் போற மன்மதன போகாதன்னு தடுக்குறேன். கிழிஞ்ச பக்கத்துல அவன் நிக்கிறான்."

பெண் போச்சு, மானமும் போச்சு என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க தம்பி. என்னய ஜெயிலுக்கு வேற அனுப்பிட்டீங்களே! ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? பொண்ணு தாறேன். ஆனா வர்ற மாசிக் கூத்துக்கு ரதி நீங்கதான். வேசம் கட்டிப் பாத்துட்டு எழுதுங்க."

கட்டினேன். ஆசையாய் வளர்த்த மீசையை வழித்து, தோட்டமே சிரிக்க, எரிந்துபோன மன்மதனுக்காக ஒப்பாரி வைத்தேன். மீசை முளைப்பதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது.

போன தீபாவளிக்கு எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய மகள், "தாத்தா, அம்மா பக்கத்துல இது யாரு? அப்பா எங்க?" என்று கேட்டாள்.

மாமனார் சிரிக்கக்கூட இல்லை. "ஒங்கப்பா அன்னைக்கு வரலம்மா. அவசரத்துக்கு ரதியத்தான் புடிச்சு ஒக்கார வச்சோம்."