சருகு ஊதும் எந்திரமும் சம்பந்தி வீட்டாரும்

விளக்குமாற்றை வாழ்நாளில் தொட்டறியாத ஆண்பிள்ளைகூட, அதில் ஒரு எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தால், "கொண்டா, நான் பாக்கேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். இதை நான் யாரையும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆண்பிள்ளை நான்தான்.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் பொதுவான ஒரு முற்றம். அப்பா பாகம் வைத்தபோது வீட்டைப் பிரித்தார், தோப்பைப் பிரித்தார், முற்றத்தை மட்டும் "ரெண்டுபேரும் சேந்து வச்சுக்கிடுங்க" என்று விட்டுவிட்டார். (உரிமை என்று வந்தால் ரெண்டுபேர் அண்ணனும் நானும். பெருக்குவது என்று வந்தால் அந்த ரெண்டுபேர் அண்ணன் மனைவியான மைனியும் என் மனைவி ஜெஸ்ஸியும்.) கிழக்கு வேலிக்கு அப்பால் ரப்பர் தோட்டம். நம்ம நாட்டில் ஏது இலையுதிர்காலம் என்று கேட்பவர்கள் தை மாதத்தில் அந்த வேலியோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கவேண்டும். உள்ளே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் நாற்காலியைத் தோண்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

காலையில் மைனியும் ஜெஸ்ஸியும் குனிந்து பெருக்கிக்கொண்டே போவார்கள். பின்னாலேயே இலை விழுந்துகொண்டே வரும். அண்ணனும் நானும் ஆளுக்கொரு கட்டன் சாயாவோடு உட்கார்ந்து, "அந்த மூலையில கெடக்கு பாரு" என்று எங்களால் ஆன உதவியைச் செய்வோம்.

ஒருநாள் ஜெஸ்ஸி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நேராக வந்து, விளக்குமாற்றை என் மடியில் வைத்தாள்.

"நடு ஒடியுது. இனி நீங்க தூத்துங்க. இல்லேங்கி வேற வழி பாருங்க."

அவள் இரண்டு வழி சொன்னாள். எனக்கு இரண்டாவது மட்டும்தான் காதில் விழுந்தது.

வேறு வழி பார்க்க என்னைவிடத் தகுதியான ஆள் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. நான் கல்ஃபில் இருந்து வந்தவன். ஊரில் மோட்டார் ஓடாவிட்டாலும் டிவி தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (அங்கே நான் ஏசி அறையில் உட்கார்ந்து பில் அடித்துக்கொண்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிலும் சிக்கனம். "இரும்புப் பல்லு வச்ச வாரி ஒண்ணு போதும்லே. நிண்ணுகிட்டே இழுக்கலாம், நடு வலிக்காது" என்றார். உண்மையில் அது நல்ல யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. வாரியை இழுப்பதற்கு கல்ஃப் போய் வந்தவன் எதற்கு?

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு ஜெஸ்ஸியையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் முதலில் வயர் சொருகி ஓடும் சின்ன ஊதுகருவி ஒன்றைக் காட்டினார். ஜெஸ்ஸி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இது மதி, இதே போதும். எனக்கும் மைனிக்கும் எடுக்க முடியும்" என்றாள். அது பார்க்க முடி உலர்த்தும் சாதனத்தின் அண்ணன் மாதிரி இருந்தது. என் கண் அதற்குள் மூலையில் நின்ற வேறொன்றுக்குப் போய்விட்டது. முதுகில் மாட்டும் பெட்ரோல் எந்திரம். யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய்.

"அது எஸ்டேட்டுக்குள்ளதாக்கும் சார்" என்றார் கடைக்காரர். "வீட்டு முத்தத்துக்கு ஒங்களுக்கு அவ்வளவு வேண்டாம்."

'ஒங்களுக்கு அவ்வளவு வேண்டாம்' என்று ஒரு ஆணிடம் சொல்லிவிட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது? ஆட்டோவில் எந்திரம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. ஜெஸ்ஸி அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீடு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மைனி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கொச்சு முத்தம் தூத்தவா, ஊரைக் காலி பண்ணவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் மகள் ஷீபாவைப் பார்க்க அருமனைப் பக்கத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. ஷீபா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவள், இந்தப் பையனோடு ஃபோனில் பேசிய பிறகு, "வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக மைனி சர்ச்சில் தனியாக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருந்தார். பையனின் அப்பாதான் பயம். ரப்பர் எஸ்டேட் உள்ளவர். முன்பு ஒரு வீட்டில் வழி சரியில்லை என்று காரைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனவர் என்று கேள்வி.

மத்தியானத்துக்குள் பெண்கள் முற்றத்தைப் பெருக்கி முடித்துக் குளிக்கப் போனார்கள். ஒரு காற்று அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து மரம் அத்தனையும் சேர்ந்து உதறிய மாதிரி இலை வந்து நிறைந்தது. அண்ணன் பதறிப்போனார்.

"ஏலே, அந்தச் சாதனத்த எடு! அவங்க களியக்காவிளை ரோட்டுல ஏறியாச்சாம்."

அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். எந்திரத்தை முதுகில் மாட்டினேன். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, காலுக்கு முழங்கால் உயர பூட்ஸ். ஜெஸ்ஸி ஓடிவந்து கையை நீட்டி என்னவோ சொன்னாள். காதடைப்பு நல்ல தரமானது, ஒன்றும் கேட்கவில்லை. பெருந்தன்மையாகத் தலையாட்டி வைத்தேன். (அவள் சொன்னது: "கேட்டுப் பக்கம் திரும்பாதீங்க, அங்க சாம்பல் கூட்டி வச்சிருக்கு.")

கயிற்றை இழுத்தேன். எந்திரம் உறுமியது. சொல்லக்கூடாது, அந்த ஆரம்பம் அற்புதம். குழாயைக் காட்டிய பக்கமெல்லாம் இலைகள் எழுந்து பயந்து ஓடின. வந்த தோட்டத்துக்கே திருப்பி அனுப்பினேன். விரல் வலிக்காமல் இருக்க, வேகத்தை உச்சத்தில் வைத்து ஒரு கொக்கியை மாட்டினேன். அப்போது பார்த்தால் அண்ணன் கேட்டுப் பக்கம் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருக்கிறார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன். இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று குழாயோடு அவர் பக்கம் திரும்பினேன்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது, அந்த மாதம் முழுக்க எரித்த இலைகளின் சாம்பல்.

முற்றம் மறைந்தது. அண்ணன் மறைந்தார். அவருக்குப் பின்னால் அப்போதுதான் வந்து நின்ற வெள்ளைக் காரும் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களும் மறைந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பினேன். விடுபட்டவர்கள் மேலும் விழுந்தது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை; கொக்கியும் கழலவில்லை. புகைக்குள்ளிருந்து பட்டுப் புடவையோடு ஷீபா வந்தாள். ஒரு விரலால் அணைத்தாள்.

சாம்பல் மெதுவாக இறங்கியது. பையனின் அம்மா சந்தனக்கலர் புடவையில் வந்தார் என்று பிறகு சொல்லித்தான் தெரியும். பையனின் புருவம் நரைத்திருந்தது. அப்பா சிமென்ட் பூசிக் காயவைத்த சிலை மாதிரி நின்றார். அவர்கள் முன்னால் அண்ணன், அதே நிறத்தில், கைகூப்பியபடி, "வாங்க, வாங்க" என்றார். வாய் மட்டும் சிவப்பாகத் திறந்து மூடியது. சர்ச்சில் நெற்றியில் பூசும் சாம்பல் புதனுக்கு இன்னும் நாள் இருந்தது. நாங்கள் முந்திக்கொண்டோம்.

மைனி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பையனின் அப்பா என்னை நோக்கி நடந்து வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். (கண்ணாடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு எண்ணம்.) அவர் என்னைச் சுற்றி முதுகுப் பக்கம் போனார். எந்திரத்தின் மேல் விரலால் தட்டினார்.

"எத்தற சி.சி.?"

தெரியாது. "கல்ஃப் மாடலாக்கும்" என்றேன்.

"கொள்ளாமே, நல்ல சாதனம்!" என்றார். "கழத்தும், கழத்தும். நான் ஒண்ணு பாக்கட்டு."

அடுத்த நிமிடம் அவர் முதுகில் எந்திரம். அண்ணன் வாரைப் பிடித்து முறுக்குகிறார், நான் பெட்ரோல் மூடியைக் காட்டுகிறேன். மூன்று ஆண்கள், மூன்று சாம்பல் மூட்டைகள், சம்பந்தம் பேச வந்ததையே மறந்து குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பையனின் அம்மா இருமிக்கொண்டு நிற்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மைனி ஓடிப்போய் ஈரத்துண்டு கொண்டுவந்தார். ஜெஸ்ஸி விளக்குமாற்றை எடுத்தாள்.

பையன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு ஜெஸ்ஸியிடம் போய், "தாங்க, நான் தூத்தேன்" என்று விளக்குமாற்றை வாங்கிக்கொண்டான். எங்கள் முற்றத்தில் ஓர் ஆண் குனிந்து பெருக்கியது அதுதான் முதல் தடவை. ஷீபா கைகட்டி நின்று, அவன் மூலைகளையும் பெருக்குகிறானா என்று கடைசிவரை பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் மைனியிடம், "எனக்குச் சம்மதம்" என்றாள்.

முகம் கழுவி, பழக்கேக்கும் சாயாவும் ஆனபிறகு, பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் கேட்டேளா. பொன்னோ பொருளோ நாங்க கேக்க மாட்டோம்." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "பின்ன... அந்தச் சாதனம் எஸ்டேட்டுல நல்ல பிரயோஜனப்படும்."

"கொண்டுபோங்க!" என்றார் அண்ணன். அது என் எந்திரம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

ஷீபா கதவோரம் வந்தாள். "தாறதுல ஒண்ணும் இல்ல. ஆனா அங்க முத்தம் தூத்துறது மாமாவாக்கும். இப்பமே சொல்லிட்டேன்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அன்றைக்கே எந்திரம் அவர்கள் கார் டிக்கியில் ஏறிப்போனது. இன்றைக்கும் அந்த வீட்டு முற்றத்தை அவர்தான் காதடைப்பு மாட்டிச் சுத்தம் செய்கிறார். இங்கே எங்கள் முற்றத்தை நான்தான். அண்ணன் சொன்ன அதே இரும்பு வாரியால். நடு வலிக்கவில்லை. இதை அண்ணனிடம் யாரும் சொல்லிவிடவேண்டாம்.

சமீபத்தில் என் மகனுக்குப் பெண் கேட்டு திருவட்டாறுப் பக்கம் போனோம். எல்லாம் பேசி முடிந்து, ஒரு மரியாதைக்கு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும்..." என்று தொடங்கினேன். ஜெஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஷீபாவுக்குச் சாயா புரையேறியது. பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் எங்களையே பார்த்தார்கள். அண்ணன் என் காதுப்பக்கம் குனிந்தார்.

"சும்மா கெட லேய். இவங்க முத்தத்துல ஜேசிபி நிக்கு."