உட்கார்ந்த பிராசசரை எழுப்ப சிப்செட் யார்?

தங்கச்சிமடம்
12.9.2006

அன்பு மைத்துனன் இன்னாசிக்கு மாமா சவேரியார் எழுதிக்கொள்வது. மாதா காவலில் நானும் உன் அக்கா அற்புதம்மாளும் மகள் ஜோதிமேரியும் சுகம். கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. சென்னையில் உன் கம்ப்யூட்டர் கடையும் உன் வாயும் குறைவில்லாமல் நடக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஜோதி டி.டி.பி. படித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் கடை போட்டு எட்டு மாதமாகிறது. இந்த வருசம்தான் பங்குச்சாமியார் அவளை நம்பித் திருவிழா அழைப்பிதழைக் கொடுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அடித்துக் கொடுத்துவிட்டால் ஊர் வேலையெல்லாம் அவளிடம் வரும், இல்லையென்றால் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாள். கம்ப்யூட்டரோ, மாதா படத்தைத் திறக்கச் சொன்னால் நான் டீ குடித்து வரும்வரை யோசிக்கிறது. உன்னைக் கேட்டால் ஏப்ரலில், ஜூலை வரை பொறுங்க, புது பிராசசர் வருது என்றாய். ஜூலையில் வந்தது, அதுக்கேத்த சிப்செட் உள்ள போர்டு விலை இறங்கட்டும் என்றாய். ஆகஸ்டில், ஜனவரியில் நாலு கோர் பிராசசர் வருது, அவசரப்படாதீங்க என்றாய். வரப்போகிற இன்ஜினுக்காகக் காத்திருந்தால் நாங்கள் எந்தக் காலத்தில் கடலுக்குப் போவது?

ஆகவே நானே மதுரைக்குப் போய்ப் புது பிராசசரை வாங்கி வந்தேன். பழைய போர்டிலும் அதே பள்ளம், அதே அளவு, அச்சாக உட்கார்ந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. போன் போட்டால் சிரிக்கிறாய். "மாமா, பழைய போர்டுல இருக்கிற சிப்செட்டு புது பிராசசரை ஏத்துக்காது. இது உங்க போட்டு இன்ஜின் இல்ல" என்கிறாய். ஏலே இன்னாசி, உட்கார்ந்தவனை எழுப்ப சிப்செட் யாரு? இருபத்தாறு வருசமா போட்டு மெக்கானிக்கா இருக்கேன். லாரி இன்ஜினைத் தூக்கி விசைப்படகுல வச்சிருக்கேன், எந்தப் படகும் ஏத்துக்க மாட்டேன்னு சொன்னதில்ல. சொன்னாலும் ஒரு பிளேட்டை வெட்டி, நாலு போல்ட்டைப் போட்டு ஏத்துக்க வைப்பேன்.

அந்தப் பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிக் கம்பிகள், ஒன்றிலாவது கிரீஸ் உண்டா? இந்த உப்புக்காத்துல கிரீஸ் இல்லாம எந்தச் சாமான் ஓடும்? தாராளமாக வழித்துவிட்டேன். இப்போது பழைய பிராசசரைத் திருப்பி வைத்தால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. அதனால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. கடற்கரையில் ஆள் இருக்கிறான் என்பதே தெரியாமல் போர்டு செய்தவன்தான் தப்பு. ஜோதி என்னோடு பேசி மூன்று நாளாகிறது. உன் அக்கா கஞ்சியை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறாள். எனக்குக் கவலையே இல்லை. இருக்கு, ஆனா உன்கிட்டச் சொல்ல மாட்டேன்.

முடிவாகச் சொல்கிறேன். இனி உன் யோசனையும் வேண்டாம், உன் கடைச் சாமானும் வேண்டாம். ஜனவரியில் வருவது நாலு கோரோ நாற்பது கோரோ, என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் போர்டை ஓடவைக்காவிட்டால் என் பேர் சவேரியார் இல்லை.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். உனக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமா,
ம. சவேரியார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் காலை பஸ்ஸில் உன் பெட்டி வந்து இறங்கிவிட்டது. உன் கடையில் நீ வேலை பார்க்கிற கம்ப்யூட்டரையே கழற்றி அனுப்பியிருக்கிறாயாமே. ஜோதி உனக்குப் போன் போட்டதே எனக்குத் தெரியாது. மேலே எழுதியது எதையும் படிக்காதே. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான், என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுவிட்டாள். "அப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க இங்கன வரக்கூடாது" என்றாள். மூன்று நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு. கடைக்கு வெளியே நின்றுதான் இதை எழுதுகிறேன். உள்ளே அவ கீபோர்டைத் தட்டுற சத்தம் விடாம கேக்குது, இன்னாசி. நீ நல்லா இருப்பே.