அத்தியாயம் ஐயாவும் வெயில்கால ராசாக்களும்

ஒலகத்துலயே காய்ச்சலுக்குப் போர்க்களத்தையும் வயித்துவலிக்கு அந்தப்புரத்தையும் மருந்தாக் குடுத்த ஒரே ஆளு எங்க அத்தியாயம் ஐயாதான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருமாருக்கெல்லாம் இந்த வைத்தியம் தெரியாது. தெரிஞ்சிருந்தா மாத்திரைக் கம்பெனியை எல்லாம் என்னிக்கோ இழுத்து மூடியிருப்பாங்க.

இலங்கையில, பதுளைக்குப் பக்கத்துல ஹாலிஎலைக்கு மேல, ஏறி ஏறி மூச்சு நின்னு போற எடத்துல எங்க தேயிலைத் தோட்டம். அங்க டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிறவரு அவரு. வாசல் கூட்டி போத்தல் கழுவுற ஆளு நான். என் படிப்பைக் கேட்டீங்கன்னா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். மூணாம் வகுப்புக்குப் போற வழியை மட்டும் கடைசி வரைக்கும் எனக்கு யாருமே காட்டல. இப்பக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகதான் இதை எழுதுறா. எங்கயாவது நல்லாருந்தா அது நான் சொன்னது. பிழை இருந்தா அவ எழுதினது.

ஐயாவுக்குச் சொந்தப் பேரு ஒண்ணு இருந்துச்சு. அது சம்பள நாளைக்கு மட்டும் வெளிய வரும். மத்த நாளெல்லாம் அத்தியாயம்தான். ஏன்னா, சுவத்துல அம்மாம் பெரிய கடியாரம் தொங்கினாலும் அவரு நேரத்தை அளக்கிறது ராசா கதை அத்தியாயத்துலதான்.

"ஐயா, இந்த மிக்சரை எப்பக் குடிக்கணும்?"

"இப்ப ஒரு மொடக்கு. ரெண்டு அத்தியாயம் கழிச்சு இன்னொரு மொடக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"பக்கத்துக் காம்பரா வீட்டுல யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேளு. கேட்டுட்டுக் குடி. காதைக் கழுவாம உள்ள மருந்து எறங்காது."

காய்ச்சல்னு போனா நாக்குக்கு அடியில கண்ணாடிக் குச்சியை வச்சிட்டு, மேசையில இருக்கிற பொஸ்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சிருவாரு. கோட்டையை வளைச்சாங்க, ஏணி போட்டாங்க, கொதிக்கிற எண்ணெயை ஊத்தினாங்க. வாயில குச்சி இருக்கிறதால யாரும் குறுக்க பேச முடியாது. கோட்டை விழுந்தாத்தான் குச்சியை வெளிய எடுப்பாரு. அவ்வளவு நேரம் வச்சா கருங்கல்லுக்கும் காய்ச்சல் காட்டும்.

எனக்கே ஒரு தடவை உக்கார முடியாத எடத்துல கட்டி. குப்புறப் படுக்க வச்சிட்டு கதை படிச்சாரு. "திரையை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் வெளிப்பட்டது. அதைக் கண்டதும் மகாராணி அலறினாள்"னாரு. நான், "ஐயோ, யாருங்கய்யா அது?"ன்னு திரும்பினேன். அதுக்குள்ள கட்டியைக் கீறிட்டாரு. மகாராணியை விட நான்தான் பலமா அலறினேன். அந்த உருவம் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல மனுசன்.

எங்க பக்கம் ஆடி பொறந்துட்டா மழை நின்னு காஞ்ச காத்து அடிக்கும். கொழுந்து வராது. வேலை மத்தியானத்தோட முடிஞ்சிரும். ஆம்பளைங்க கடதாசிச் சீட்டு வெளையாடுவாங்க, பொம்பளைங்க பேன் பாப்பாங்க. ஐயா மட்டும் டிஸ்பென்சரிக் கதவுல சாக்கட்டியால கொட்டை எழுத்துல எழுதி வைப்பாரு: "இந்த வெயிலுக்கு ஒரு ராச வம்சம். ஐப்பசி மழைக்குள் முடிக்கவும்." படிக்கத் தெரிஞ்ச எல்லாரும் படிச்சே ஆகணும். முடிக்காதவங்க அடுத்த தடவை தலைவலின்னு வந்தாலும் வெளக்கெண்ணெய்தான் கெடைக்கும். வெளக்கெண்ணெய்க்குப் பயந்தே எங்க தோட்டத்துல பாதிப் பேருக்குச் சரித்திரம் தெரியும்.

எழுவதுகள்ல ஒரு வெயிலுக்கு இடி விழுந்துச்சு. கவருமெண்டு தடை போட்டதுல இந்தியாப் பொஸ்தகம் வர்றது நின்னு போச்சு. இருக்கிற ராசாவையெல்லாம் நாங்க படிச்சு முடிச்சாச்சு. ஐயா ஒரு வாரமா யாருக்கும் சரியா ஊசி போடல. போட்டாலும் கதை இல்லாமப் போட்டாரு. அது ரொம்ப வலிச்சுச்சு.

அந்தச் சமயம் பதுளைக் கடைவீதிக்கு அவரோட மருந்துப்பொட்டி தூக்கிட்டுப் போனேன். ஒரு முஸ்லிம் நானா கடையில கொத்தமல்லி வாங்கினாரு. நானா ஒரு தடிப் பொஸ்தகத்தை எடுத்து, ஒரு தாளை சர்ருன்னு கிழிச்சு சுருட்டினாரு. ஐயா அந்தத் தாளை எட்டிப் பாத்தாரு.

"நிறுத்துங்க! கையை எடுங்க! அது மகாராணி!"

நானா பயந்து போயி கடைக்கு வெளிய எட்டிப் பாத்தாரு. "எங்க ஐயா? பஸ்ஸுல வந்திருக்கா?"

"ஒங்க கையில இருக்கு நானா. கொத்தமல்லி கொட்டப் போறீங்க அவ தலையில."

"டாக்டரய்யா, தாள் இல்லாம நான் சாமான எதுல சுத்துறது?"

ஐயா தலையில கட்டியிருந்த சால்வையை அவுத்து விரிச்சாரு. கொத்தமல்லி சால்வையில வந்துச்சு, பொஸ்தகம் என் தலையில வந்துச்சு. மொத அத்தியாயத்தை ஏற்கனவே யாரோ மெளகாத்தூள் சுத்தி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அட்டை, தலைப்பு, எழுதினவரு பேரு எல்லாம் அதோட போச்சு. மதுரைப் பக்கத்து ராசா கதைன்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

பொஸ்தகம் ஒண்ணு. படிக்க பத்தொம்பது வீடு. ஆடி மாசம் போயிருச்சு. ஐயா யோசிச்சாரு. கட்டி கீறுற கத்தியை எடுத்து பொஸ்தகத்தை இருவது துண்டாப் பிரிச்சாரு. காயம் தைக்கிற நூலால ஒவ்வொண்ணையும் தனிக் கட்டாத் தைச்சாரு. வீட்டுக்கு ஒரு கட்டு. புதனும் ஞாயிறும் அடுத்த வீட்டோட மாத்திக்கணும். அவரும் வரிசையில ஒரு ஆளு.

"ஐயா, எனக்கு பதினாலாவது கட்டு வந்திருக்கு. முன்னாடி நடந்தது தெரியாம எப்படிப் படிக்கிறது?"ன்னா வரிசையில இருந்த மூக்காயி.

"எந்த ஸ்டேஷன்ல ஏறினாலும் ரயிலு கடைசியில பதுளைக்குத்தானே வரும்? ஏறு, பேசாம."

அன்னிக்கு ஆரம்பிச்சுச்சு கூத்து. தண்ணி புடிக்கிற பீலியில மூக்காயி குடத்தை வச்சிட்டு மாரடிச்சு அழுவுறா. "இளவரசனைப் பாம்பு கடிச்சிருச்சுடி!"

பவளம்னு ஒருத்தி, கொழுந்து பறிக்கிறதுலயும் படிக்கிறதுலயும் தோட்டத்துலயே வேகமான கை. அவ சொல்றா, "ஏண்டி அழுவுற? எங்க வீட்டுல அவன் நேத்துத்தான் யானை மேல ஏறிப் போனான்."

"செத்தவன் எப்படிடி யானை ஏறுவான்?"

"நீ பதினாலாவது கட்டு. நான் ஆறாவது. எனக்கு அவன் இன்னும் எட்டுக் கட்டுக்கு உசுரோட இருப்பான்."

மூக்காயி கண்ணைத் தொடச்சிட்டு, "அப்ப நல்லாப் பாத்துக்கடி அவன. வெளிய தெருவ விடாத"ன்னா.

ஒம்பதாவது கட்டுல முறுக்கு மீசை மந்திரி ஒருத்தன் ராசாவுக்கு வெஷம் வைக்கிறான். மலையில எங்களை வேலை வாங்குற கணக்கப்பிள்ளைக்கும் முறுக்கு மீசை. அது போதாதா? காலையில பேரு குடுக்கிற பெரட்டுல ஒம்பதாவது கட்டு படிச்சவங்க எல்லாம் அவரையே மொறைச்சுப் பாத்தாங்க. அவரு குடுத்த வெத்தலையைக் கூட யாரும் வாங்கல.

இருவதாவது, கடைசிக் கட்டை ஐயா வரிசையில விடல. வெயில் முடியிற அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிக்கணும், அதுவரைக்கும் தானும் பாக்க மாட்டேன்னு சொல்லி என் கையில குடுத்தாரு.

"தோட்டத்துலயே நம்பிக்கையான ஆளு நீதாண்டா."

நெஞ்சை நிமித்திட்டு வீட்டுக்குப் போயி பொஞ்சாதிகிட்டச் சொன்னேன். அவ அடுப்பை ஊதிக்கிட்டே திரும்பிக்கூடப் பாக்காம, "ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதான்"னா.

இருந்தாலும் ராசா மாதிரி இருந்தேங்க நான். முடிவு என்னன்னு கேட்டு ஆளு மேல ஆளு வந்தாங்க. படிக்கத் தெரியாதுன்னு மறந்தே போயிட்டாங்க. நானும் ஞாபகப்படுத்தல. பீடி குடுத்தவனுக்கு ராசா ஜெயிச்சாரு. ரொட்டியும் தேங்காச் சம்பலும் குடுத்த மூக்காயிக்கு இளவரசன் பொழைச்சு வந்து கொயவன் மகளைக் கட்டிக்கிட்டான். பலாப்பழம் குடுத்த வீட்டுக்கு மகாராணி பட்டத்துக்கு வந்தா. ஒண்ணுமே குடுக்காம கேட்ட கணக்கப்பிள்ளைக்கு எல்லாரையும் கொன்னுட்டேன்.

ரெண்டு கவருமெண்டும் ஒப்பந்தம் போட்டு தோட்டத்து ஆளுகளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்த காலம் அது. பொரட்டாசி ஆரம்பத்துல பவளத்தோட குடும்பத்துக்கு இந்தியா போகப் பேரு வந்துருச்சு. பதினஞ்சு நாள்ல ரயிலேறணும். அவளுக்கு இன்னும் எட்டுக் கட்டு பாக்கி. அவ வந்து டிஸ்பென்சரி வாசல்ல நின்னா.

"ஐயா, நான் பொறந்ததும் வளந்ததும் இந்த மலையில. இந்தியாவுல எனக்குத் தெரிஞ்சது இந்தக் கதையில வர்ற ஆறும் கோட்டையும்தான். வேற யாரையும் தெரியாது. இதையாவது முழுசா முடிச்சிட்டுப் போறேனே."

வரிசை மாறினா வெளக்கெண்ணெய்னு சட்டம் போட்டவரு ஐயா. எந்திரிச்சாரு. கதவுல எழுதி வச்சிருந்த வரிசையைச் சால்வையால தொடச்சாரு. "டேய், வீடு வீடாப் போயி எட்டுக் கட்டையும் வாங்கிட்டு வா."

நாள் போதல. பொட்டி கட்டணும், ஆபீசுக்கு அலையணும். கடைசியில பொம்பளைங்க ஒரு வழி பண்ணாங்க. மலையில பவளத்தை ஒரு கல்லுல உக்கார வச்சு, "நீ சத்தமாப் படி புள்ள, ஒன் கூடையை நாங்க நெரப்புறோம்"னுட்டாங்க. ரெண்டாவது நாளு கணக்கப்பிள்ளை மேலேருந்து எறங்கி வந்தாரு. எல்லாரும் அவசரமா குனிஞ்சு கொழுந்து பறிக்க ஆரம்பிச்சாங்க. அவரு இடுப்புல கையை வச்சு நின்னு, "என்னா புள்ள முணுமுணுங்கிற? சத்தமாப் படி. மீசைக்காரன் மாட்டுனானா இல்லையா?"ன்னாரு.

மாட்டுனான். அதோட அவரு வெத்தலைக்கும் விடுதலை கெடைச்சுச்சு.

ரயிலுக்கு மொத நாளு பத்தொம்பதாவது கட்டு முடிஞ்சுச்சு. கடைசிக் கட்டுக்கு நேரமே இல்ல. மறுநாள் காலையில ஹாலிஎல ஸ்டேஷன்ல தகரப்பொட்டிக, மூட்டைக, அழுகை. பவளம் பெட்டியில ஏறி சன்னல்கிட்ட உக்காந்துட்டா. ஐயா என் பக்கம் கையை நீட்டினாரு. சட்டைக்குள்ள வச்சிருந்த கடைசிக் கட்டைக் குடுத்தேன். அவரு அதைப் பிரிக்காமலே சன்னல் வழியா உள்ள குடுத்துட்டாரு.

"ஐயா, நீங்க இன்னும் படிக்கலயே!"

"நான் எங்கயும் போகலயே புள்ள. நீதான் கடல் தாண்டிப் போற. வழியில கையில ஒண்ணு இருக்கட்டும்."

மூக்காயி அழுகையை நிறுத்திட்டு, "அப்ப நாங்க? முடிவு தெரியாம எனக்குச் சோறு எறங்குமா?"ன்னா.

"இவன்கிட்டக் கேளு. நாலு வச்சிருக்கான்."

ரயிலு போயிருச்சு. எல்லாரும் மேல ஏறினோம். ஐயா பின்னாடி தனியா வந்தாரு. வருசா வருசம் வெயிலுக்குள்ள ஒரு வம்சத்தை முடிச்சவரு, இந்த வருசம் ஒரே ஒரு கட்டுல விட்டுட்டாரு. அந்தக் கட்டு இனிமே வராது. எனக்கு அது நல்லாவே தெரியும். நான் நின்னேன். அவரும் கிட்ட வந்து நின்னாரு.

"சொல்லுடா."

"என்னங்கய்யா?"

"முடிவு. பீடிக்குச் சொன்னது வேணாம். ரொட்டிக்குச் சொன்னதும் வேணாம். எனக்குன்னு ஒண்ணு சொல்லு."

ஊரையெல்லாம் ஏமாத்தினவன் நான், துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டேன். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சேன். பாம்புக்கடிக்குத் தப்பின இளவரசனுக்குப் பட்டம் கெடைக்கலைங்கய்யா. கப்பலேறி அக்கரைக்குப் போறான். எறங்கினா யாரையும் தெரியாது. தொறைமுகத்துல மீன் விக்கிற ஒருத்தி, "யாரு பெத்த புள்ளப்பா நீ"ன்னு கேட்டு, குடிக்கத் தண்ணி குடுக்கிறா. அங்கனயே ஒரு எடம் பாத்து குடிசை போட்டுக்கிறான்.

"அந்த ஊரு ஆளுக அவன நல்லா வச்சுக்கிட்டாங்களாடா?"

"வச்சுக்கிட்டாங்கய்யா."

"நெசமாவா?"

"நான்தானே சொல்றேன். நெசந்தாங்கய்யா."

அவரு தலையை ஆட்டிக்கிட்டு நடந்தாரு. கொஞ்ச தூரம் போயி, "அந்த மீன்காரி நல்ல பொம்பளை"ன்னாரு.

மார்கழியில பவளத்துகிட்ட இருந்து கடுதாசி வந்துச்சு. ஐயாதான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல இருக்காங்களாம். வெயிலு கொளுத்துதாம், கல்லு ஒடைக்கிற வேலையாம். ஆனா ஒண்டிக்கிட ஒரு எடம் கெடைச்சிருச்சாம். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களை உக்கார வச்சு கதை படிச்சுச் சொல்றாளாம். கடைசியில, "ஐயா, அந்த முடிவை எழுதி அனுப்பட்டுமா?"ன்னு கேட்டிருந்தா.

ஐயா அன்னிக்கே பதில் எழுதினாரு. ஒட்டுறதுக்கு முன்னாடி அதையும் எனக்குப் படிச்சாரு. நீ நல்லா இருக்கிறது சந்தோசம், புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேருன்னு என்னென்னமோ இருந்துச்சு. அப்புறம் இப்படி: "முடிவை அனுப்ப வேண்டாம். எங்களுக்கு இங்கே ஒரு முடிவு இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது."

"இந்தா, தபால்ல போட்டுட்டு வா"ன்னு என் கையில குடுத்தாரு. தோட்டத்து முக்குலயே ஒரு தபால்பெட்டி இருக்கு. அதுல போட எனக்கு மனசு வரல. பதுளைக்கே கொண்டு போனேன். பஸ்ஸு வந்து நின்னுச்சு, ஏறல. பஸ்ஸுல போனா சீக்கிரமா கையை விட்டுப் போயிருமேன்னு, அவ்வளவு தூரமும் நடந்தே போனேன்.