நோயும் இல்லை, கிளெய்மும் இல்லை

விருத்தாசலம்
14-8-2007

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் விருத்தகிரி அவர்களுக்கு, பழமலைநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை பூங்கோதை, குழந்தை பூர்ணிமா மூவரும் நலம். இப்படித்தான் எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறேன். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியும் அதையே எழுதி அனுப்பியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பூர்ணிமாவுக்கு நாலரை வயது முடிந்துவிட்டது. ஒன்றரை வயதில் மூன்று நான்கு சொல் சொன்னவள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். நான் பீங்கான் கம்பெனியிலிருந்து கழிவில் போன பொம்மைகளைக் கொண்டுவந்தால் உயரவாரியாக அடுக்குவாள், ஒன்றை நகர்த்தினால் வீடே கிடுகிடுக்கக் கத்துவாள். எங்கள் கம்பெனி பேக்கிங்கில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இங்குள்ள டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், “தானா பேசும்ங்க” என்றார். கடைசியில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குழந்தையோடு விளையாடினார். “பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?” என்று கேட்டதற்கு உங்கள் தங்கை, “இவ அப்பாவே நாலு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாருங்க” என்றாள். டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, ஆட்டிசம் என்றார்.

“இது நோய் இல்லம்மா. மாத்திரை போட்டா போறதும் இல்ல. அவ நம்மள மாதிரி இல்லாம வேற மாதிரி பாக்குறா, கேக்குறா. பயிற்சி குடுத்தா நல்லா வருவா. வாரத்துக்கு ரெண்டு நாளு கூட்டியாங்க.”

திரும்பும்போது பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்கக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். பண்ருட்டியில் பூங்கோதை பலாச்சுளை வாங்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மச்சான், அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பயிற்சிச் செலவை எண்ணிப் பார்த்தபோதுதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்துக்கொடுத்த ஹெல்த் பாலிசி நினைவுக்கு வந்தது. ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு கடலூர் ஆபீசுக்குப் போனேன். நடராசன் என்று ஒரு ஆபீசர். “எத்தன நாளு அட்மிட் ஆயிருந்தாங்க?” என்றார். “அட்மிட்டே ஆவலைங்க” என்றேன். “அட்மிட் ஆவாம எப்பிடி சார் கிளெய்மு? சரி, இது பொறக்கும்போதே இருந்துச்சா, பாலிசி எடுத்தப்புறம் வந்துச்சா?” நான் யோசித்து, “எப்ப வந்துச்சுன்னு எங்ககிட்ட சொல்லிட்டு வரலைங்க” என்றேன். டாக்டரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார். வாங்கிப் போனேன். அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நோயே இல்லன்னு டாக்டரே எழுதியிருக்காங்களே! சந்தோஷமா போங்க சார். நோய்க்குத்தான் பாலிசி.”

மூன்றாம் தடவை பிள்ளையையே கூட்டிக்கொண்டு போனேன். அவர், “பாப்பா, உன் பேரு என்னா?” என்றார். அவள் அவர் மேஜைமேல் கிடந்த ரப்பர் ஸ்டாம்புகளை எடுத்து உயரவாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பாரத்தில் குத்துவதற்காக அவர் அதில் ஒன்றை உருவினார். அவள் கத்திய கத்தில் ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்றது. அந்த மனுஷன் அதை இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் அடங்கினாள். அவர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் நாளைக்கு குத்திக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்று மெதுவாகச் சொன்னார். சொன்னபடியே குத்தி அனுப்பிவிட்டார். நோய் இல்லை, ஆகவே கிளெய்ம் இல்லை என்று தபாலில் வந்தது.

கொளஞ்சியப்பர் கோயிலிலும் சாமிக்குக் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டியிருக்கிறேன். அங்கே ஒரே ஒரு தாள்தான். ஜெராக்ஸ் கேட்கவில்லை.

ஆகவே மச்சான், தங்களை மன்றாடிக் கேட்பது என்னவென்றால், சென்னையில் தங்களுக்குத் தெரிந்த டாக்டர் யாரிடமாவது, குழந்தைக்கு வலிப்பு வந்து மூன்று நாள் அட்மிட் ஆகியிருந்ததாக ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பவும். இந்தச் சங்கதி யாருக்கும் தெரியவேண்டாம், அக்காவுக்கும்கூட. பக்கத்து வீட்டுக் கமலத்திடம் காதுக் கோளாறு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம். நாளைக்கு அவளை ஒருவன் கையில் பிடித்துக்கொடுக்க வேண்டாமா?

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பழமலைநாதன்

பின்குறிப்பு (18-8-2007): ஸ்டாம்பு ஒட்டாமல் அலமாரியில் வைத்திருந்த இந்தக் கடிதத்தைப் பூங்கோதை படித்துவிட்டாள். “எங்கண்ணன்கிட்ட பொய் சர்ட்டிபிகேட்டா கேக்குறீங்க? இல்லாத வலிப்ப எழுதிவச்சா, நாளைக்கு அதுக்கும் ஒருத்தன் மருந்து குடுப்பான். எம் பொண்ணுக்கு இருக்கறத சொல்ல எனக்கென்னா பயம்?” என்று கேட்டுவிட்டு, நேரே கமலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கமலமே இங்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி, “அண்ணே, கம்மாபுரத்துல எங்க நாத்தனா பொண்ணும் இப்பிடித்தான். பொறத்தியார் கண்ணுல காட்டாம வூட்டுக்குள்ளயே வச்சிருக்காங்க” என்றாள். அன்று சாயங்காலமே அந்த நாத்தனார் தனியாக வந்து, பூங்கோதையிடம் இருட்டும்வரை பேசிவிட்டுப் போனாள்.

ஆகையால் சர்ட்டிபிகேட் வேண்டாம். அக்காவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை ஐந்து பேராகப் பாண்டிச்சேரிக்குப் போகிறோம். கம்மாபுரத்துப் பெண்ணின் பெயர் பெரியநாயகி. எட்டு வயது. இதுவரை பஸ்ஸில் ஏறியதே இல்லையாம்.