பலகையில் ஒரு முதலாளி

வங்கிகளும் தொழிற்பேட்டைகளும் இத்தனை காலம் முட்டி மோதியும் ஆகாத காரியத்தை, ஓர் அட்டைப் பலகையும் இரண்டு பகடைகளும் முடித்துக்காட்டும் என்று கண்டுபிடித்த பெருமை இளைஞர் தொழில் வளர்ச்சி அலுவலகத்தையே சேரும். வரலாறு இதை மறக்காது. மறந்தால் நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பப்படும்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பெண்ணுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டு வாரம் அலுவலகத்திலேயே தங்கி 'விளையாட்டு வழித் தொழிற்பயிற்சி' முடித்தால்தான் கடை உரிமம் புதுப்பிக்கப்படுமாம். தொழில் செய்பவர்களுக்குத் தொழில் ஆர்வத்தை வேறு யார்தான் ஊட்டுவது? அந்தக் கடையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மனசே இல்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாள்.

பயிற்றுநர் மகா ஞானி. பிறந்தது முதல் ஒரு குண்டூசிகூட விற்றதில்லை. ஆகவே அவர் கருத்துகளில் அனுபவத்தின் அழுக்கு துளியும் ஒட்டியிருக்கவில்லை. வந்ததும் எல்லாருடைய போன்களையும் வாங்கி அலமாரியில் பூட்டினார்.

"கஸ்டமர் கூப்பிடுவாங்க சார்," என்றாள்.

"கஸ்டமரை எப்படிக் கவனிக்கணும்னுதாம்மா சொல்லித் தரப்போறோம். நடுவுல அவங்க தொந்தரவு எதுக்கு?"

வியாபார ஆட்டப் பலகையில் அவள் கொடி கட்டிப் பறந்தாள். கடை வைத்தாள், கிளை திறந்தாள். எதிரே ஆடிய தையற்காரர் ஒரு சீட்டை எடுத்தார். 'கடையைப் பூட்டி வைத்தீர்கள். வாடிக்கையாளர் போய்விட்டார். மூன்று கட்டம் பின்னால் செல்க.'

பயிற்றுநருக்குக் குரல் தழுதழுத்தது. "பாத்தீங்களா? கடையைத் திறந்து வைக்கிறதுதான் வியாபாரத்துக்கு உயிர். எல்லாரும் எழுதிக்குங்க."

அவள் எழுந்து நின்றாள். "அப்ப நான் போய்த் திறந்துட்டு வரட்டுமா சார்?"

"உக்காரும்மா. அடுத்து நீதான் உருட்டணும்."

மறுவாரம் ஜன்னலுக்கு வெளியே அம்மா வந்து நின்றாள். "கடையை வாடகைக்கு விட்ட ஓனர் வந்தாருடி. பூட்டிக் கிடக்கிற கடையை எத்தனை நாள் பாத்துட்டிருக்கிறதுன்னு கத்துறாரு. வேற ஒருத்தன் கேக்குறானாம். ஒரு எட்டு வந்து பேசிட்டுப் போ."

அவள் சட்டென்று எழுந்தாள். பயிற்றுநர் விரைந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். "ஆட்டக்காரங்களுக்கு வெளியில இருந்து யோசனை சொல்லக்கூடாதும்மா. பாதியில போனா சான்றிதழும் கிடையாது, உரிமமும் கிடையாது."

நிறைவு விழாவுக்கு முதல்நாளே கடை கைமாறிவிட்டது. விழாவில் அலுவலக இயக்குநர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, 'சிறந்த இளம் தொழிலதிபர்' கேடயத்தையும், இல்லாத கடைக்குப் புதுப்பித்த உரிமத்தையும் ஒருசேர வழங்கினார். கைதட்டல் ஓயவே நேரமாயிற்று.

இயக்குநர் மைக்கை அவளிடம் நீட்டினார். "இவ்வளவு பெரிய வெற்றிக்கு என்னம்மா காரணம்? எல்லாருக்கும் சொல்லு."

"பலகையில இருந்த கடையை மட்டும் நீங்க பூட்டச் சொல்லலை சார்."